காமிரா இல்லாத பெட்டி

டிவிக்கு ஒரு பெட்டி வாங்கித் தருகிறேன் என்று என் மகன் போனில் சொன்ன அன்றே எனக்குச் சுருக்கென்றது. கேட்காமல் எதையும் தருகிற பிள்ளை இல்லை அவன். பெங்களூரில் வேலை. நல்ல பிள்ளைதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் போன மழைக்காலத்தில் நான் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவனும் மருமகளும் ஒரே பல்லவியைத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள்: கரமனை வீட்டைப் பூட்டு, பெங்களூருக்கு வா. விழுந்ததில் எலும்பு ஒன்றும் முறியவில்லை. இடுப்பில் கொஞ்சம் கன்றிப்போயிருந்தது, ஒரு வாரம் எண்ணெய் தடவினேன். அதற்கு வீட்டையே பூட்டுவார்களா?

எனக்கு இந்த வீடு வேண்டும். இதில் பெரிய காரணம் எதுவும் கிடையாது. காலையில் செருப்பு மாட்டினால் கோயில், திரும்பும் வழியில் காய்கறி, வாசலில் நின்றால் பேச்சுக்கு ஆள். பெங்களூர் வீட்டில் லிஃப்டில் இறங்கினால்தான் மனித முகம். அங்கே ஒரு மாதம் இருந்து பார்த்தேன். சோபாவில் உட்காரவைத்த பார்சல் மாதிரி இருந்தேன்.

என் உத்தியோகத்தையும் சொல்லிவிடுகிறேன். ரிட்டயர் ஆகும்வரை டிரஷரியில் இருந்தேன். பென்ஷன் வாங்க வருகிறவரின் கையெழுத்தைப் பழைய கையெழுத்தோடு ஒத்துப் பார்க்கிற வேலை. வந்தவர் அவர்தானா, அவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்று பார்ப்பேன். சந்தேகம் உனக்குப் பிறவிக் குணம் என்பார் என் வீட்டுக்காரர். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், குணம் அப்படியேதான் இருக்கிறது.

பெட்டிப் பேச்சு வந்தது இப்படி. ஐப்பசி இடியில் எங்கள் கேபிள் செட்டாப் பாக்ஸ் கருகிப் போயிற்று. மலையாள தேசம் இல்லையா, கேபிள்காரர் ஏற்கெனவே தமிழ்ச் சேனல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். கேட்டால், "அது வேறே பாக்கேஜ் மாமி" என்பார். இதை மகனிடம் சொல்லிப் புலம்பினேன்.

"விடும்மா அந்தக் கேபிளை. ஆத்துல நெட் இருக்கே. ஒரு பாக்ஸ் வெச்சுண்டாப் போறும், வேணுங்கறதைப் போட்டுப் பாக்கலாம். நானே ஆர்டர் பண்றேன்" என்றான்.

கொஞ்ச நேரத்தில் வாட்ஸாப்பில் படம் வந்தது. கறுப்பாக ஒரு பெட்டி. அதன் நெற்றியில் வட்டமாக ஒரு கண்.

"இது என்னடா நடுவுல?"

"காமிராம்மா. டிவிலயே வீடியோ கால் பண்ணலாம். நீ பாட்டுக்கு உக்காந்துண்டு பேசலாம்."

நான் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பதையும், எழுந்திருக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு "அம்மாடி" என்பதையும், மாத்திரை போட மறந்து மத்தியானம் போட்டுக்கொள்வதையும் அந்தக் கண் பெங்களூருக்கு ஒளிபரப்பும். ஒரே மாதத்தில் என் பெட்டி படுக்கையைக் கட்டிவிடுவார்கள். கரமனையில் இருக்க வேண்டுமானால் அந்தக் கண் வாசற்படி தாண்டக் கூடாது. "நீ ஒண்ணும் ஆர்டர் பண்ண வேண்டாம். நானே கடைக்குப் போய்ப் பாத்து வாங்கிக்கறேன்" என்று போனை வைத்துவிட்டேன்.

கடைக்குத் துணை வேண்டுமே. பக்கத்து வீட்டில் ஒரு மலையாளி டீச்சர் குடியிருக்கிறாள். அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறாள். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். நான் விழுந்த சத்தம் அவள் அடுக்களைக்குக் கேட்டுத்தான் ஓடி வந்தாள், தூக்கிவிட்டாள். அதோடு நிறுத்தாமல் என் மகனுக்கும் போன் போட்டுச் சொன்னாள். அதனால் அவள்மேல் எனக்கு நன்றியும் உண்டு, ஒரு கண்ணும் உண்டு. ஆனால் மெஷின் விஷயம் தெரிந்தவள் தெருவில் அவள் ஒருத்திதான்.

சனிக்கிழமை இரண்டு பேரும் பஸ் பிடித்து ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போனோம். கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். மேஜை நிறைய டப்பாக்களைப் பரப்பினார்.

"முதல்ல இதெல்லாம் நம்மளைப் பாக்குமா, கேக்குமான்னு சொல்லுங்கோ" என்றேன்.

"இது பாக்காதும்மா. நீங்கதான் இதப் பாக்கணும்" என்று சிரித்தார். டீச்சரும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

முதலில் பேசுகிற பெட்டி ஒன்றை எடுத்தார். "இதுக்கிட்ட வாயத் தொறந்து சொன்னாப் போதும். அதுவே பாட்டப் போடும், அதுவே நிறுத்தும்."

"நான் பேசறதை எப்பவும் கேட்டுண்டே இருக்குமா?"

"கூப்பிட்டா மட்டுந்தாம்மா கேக்கும். மத்த நேரம் தூங்கிட்டுக் கெடக்கும்."

"தூங்கறவனைக் கூப்பிட்டா எப்படி எழுந்திருப்பான்? காது தெறந்துதானே இருக்கு?"

அவர் அந்தப் பெட்டியை மெதுவாக ஓரமாக வைத்தார். அடுத்ததற்குக் குரலைத் தாழ்த்தினார். பேர் எதுவும் அச்சடிக்காத டப்பா. "இதுக்கு மாசாமாசம் ரூவா ஒண்ணும் கெட்டாண்டாம். எல்லாச் சேனலும் வரும். தியேட்டர்ல இப்ப ஓடுத படமும் வரும்."

"எங்கேர்ந்து வரும்?"

"வரும்மா."

"எங்கேர்ந்துன்னு கேட்டேன்."

மறுபடி சிரித்தார். இப்படிச் சிரிக்கிறவர் கொண்டுவரும் காகிதத்தை டிரஷரியில் நான் இரண்டு தரம் புரட்டிப் பார்ப்பேன். டீச்சர் என் முழங்கையைக் கிள்ளினாள். இன்டர்நெட் கனெக்‌ஷனோடு சும்மா தருகிற பெட்டி ஒன்று இருக்கிறது என்று அவள் சொன்னாள். சும்மா தருகிறானா? எனக்கு அவன் மாமனா மச்சானா, சும்மா தருவதற்கு? வேண்டாம் என்றேன்.

கடைசியில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. பழைய மாடல், உள்ளங்கையில் அடங்கும், கண் கிடையாது, தானாகப் பேசாது. ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தால் உச்சியில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை.

"இது என்ன?"

"மைக்கு. அந்தப் பொத்தான அமுக்கினா மட்டுந்தான் கேக்கும்."

"அமுக்காட்டா கேக்காதுன்னு நீங்க அடிச்சுச் சொல்லுவேளா?"

மனிதர் டப்பாவைக் கீழே வைத்தார். "அம்மா, நான் சாதனம் விக்குதவனாக்கும். அதுக்க மனசுல என்ன இருக்குன்னு நான் எப்பிடிச் சொல்ல?"

அன்று அந்தக் கடையில் கேட்ட பேச்சில் நான் நம்பியது அது ஒன்றைத்தான். அதையே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக, நிலைக்கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளில் ஒன்றை உரித்து ரிமோட்டின் ஓட்டையில் அழுத்தி ஒட்டினேன். பெட்டியை மாட்டிக்கொண்டிருந்த டீச்சர் திரும்பிப் பார்த்து, "எந்தா மாமி, ரிமோட்டுக்குக் கல்யாணமோ?" என்றாள். சிரித்துக்கொள்ளட்டும். பொட்டு ஒட்டிய பிறகுதான் நான் சேலை மாற்றினேன்.

படம் வரவேண்டுமானால் ஏதோ அக்கவுண்ட் வேண்டுமாம். மகன் தன்னுடையதையே போட்டுக்கொள்ளச் சொன்னான். டீச்சர் அவனோடு போனில் பேசிப் பேசிப் போட்டாள். திரையில் அவனுக்கு ஒரு பொம்மை முகம், மருமகளுக்கு ஒன்று, எனக்கென்று புதிதாக ஒன்று. எனக்குக் கொண்டை போட்ட முகமாகத் தேர்ந்தெடுத்திருந்தான். நான் ஒரு பழைய கச்சேரி கேட்டேன், பிறகு அணைத்து வைத்தேன். அந்த வாரம் அவ்வளவுதான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்கிறான்: "என்னம்மா, கச்சேரிக்கப்பறம் ஒண்ணுமே பாக்கலியா?"

இவனுக்கு எப்படித் தெரியும்? பெட்டியைப் புரட்டிப் பார்த்தேன். பொட்டு இடத்தில் இருக்கிறதா பார்த்தேன், இருந்தது. அப்படியானால் சுவருக்கு அந்தப் பக்கம்தான். நேரே போய் டீச்சரைக் கேட்டேன்.

"நீதானே சொன்னே? என் ஆத்துல டிவி சத்தம் கேக்கலேன்னு?"

"ஐயோ மாமி, ஞான் ஒண்ணும் பறஞ்சில்லா!" அவள் முகம் சிவந்துவிட்டது. தன் போனை எடுத்துக் காட்டி விளக்கினாள். "மகனோட அக்கவுண்ட் அல்லே? அந்தக் கொண்டை முகத்தை அமுக்கினா, மாமி எது பாத்தா, எவ்வளவு பாத்தான்னு படத்துக்கடியில ஒரு சிவப்புக் கோடு வரும். அவனுக்கு அங்கே இருந்தே காணலாம்."

கண்ணை அடைத்தேன், காதை அடைத்தேன், ஆள் கொல்லைப்பக்கமாக வந்து உட்கார்ந்திருக்கிறான். எனக்கு வந்த கோபம் இவ்வளவு அவ்வளவு இல்லை. பெட்டியைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தால் என்ன என்று இருந்தது. எறிந்தால் மறுநாளே வந்து நிற்பான், அம்மா டிவிகூடப் பார்க்கவில்லை, முடங்கிவிட்டாள் என்று. அதனால் யோசித்தேன். அவனுக்குக் கோடுதானே வேண்டும்? நீளமாகக் கோடு கொடுப்போம்.

தமிழ்த் தொடர் ஒன்று இருந்தது. ஏதோ மில் குடும்பம், மூன்று மருமகள்கள், ஒரு நகைப்பெட்டி. முடிவே இல்லாத மாதிரி எபிசோடுகள். காலையில் காபி குடித்ததும் அதைப் போட்டுவிடுவேன், சத்தத்தைக் குறைத்துவிடுவேன். ஒன்று முடிந்தால் தானே அடுத்ததற்குப் போகும். நான் கோயிலுக்குப் போவேன், கீரை ஆய்வேன், வாசலில் நின்று ஊர் வம்பு பேசுவேன். திரும்பி வந்தால் சில நாள் திரை உறைந்து நின்று, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று கேட்கும். அதிகப்பிரசங்கி! ஆமாம் என்று அமுக்கிவிட்டு அடுக்களைக்குப் போவேன்.

திட்டம் பலித்தது என்றுதான் நினைத்தேன். மகன் குரலில் ஒரு உற்சாகம். அடிக்கடி போன் செய்தான். ஆனால் புதிதாக ஒரு வழக்கம் தொடங்கினான், கேள்வி கேட்பது.

"அம்மா, அந்த ரெண்டாவது மாட்டுப்பொண் ஏன் திடீர்னு பொறந்தாத்துக்குப் போயிட்டா?"

பரீட்சை வைக்கிறான் என்று புரிந்துவிட்டது. நிஜமாகவே பார்க்கிறேனா என்று குறுக்கு விசாரணை. டிரஷரியில் நான் செய்யாததா? அலட்டிக்கொள்ளாமல், "எல்லாம் மாமியார் படுத்தல்தான்" என்றேன்.

"மாமியார்தான் செத்துப் போயிட்டாளேம்மா."

"செத்தாலும் படுத்தல் விடுமா?"

"சரிம்மா, சாப்டியா?" என்றான்.

அதற்கடுத்த தடவை நகைப்பெட்டி யாரிடம் இருக்கிறது என்று கேட்டான். மூத்தவளிடம் என்றேன். மூத்தவள் ஜெயிலில் இருக்கிறாளாம். இன்னொரு நாள், நேற்று எங்கே விட்டாய் என்றான். என்னமோ ஓடித்து, நன்னாத்தான் இருந்தது என்றேன். அவன் குரலில் இருந்த உற்சாகம் ஒவ்வொரு போனிலும் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. எனக்குச் சந்தேகம் முற்றியது.

பிறகு மருமகள் கூப்பிட்டாள். குழந்தைக்குச் சொல்வது மாதிரி ஒவ்வொரு சொல்லாக வைத்து, "அம்மா, இன்னிக்கு என்ன கிழமை?" என்றாள்.

"ஏன், பெங்களூர்ல காலண்டர் கிடையாதா?"

"இல்லேம்மா, சும்மா கேட்டேன். கேஸை அணைச்சுட்டேளா?"

அந்த வாரமே மகன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றான். தோளில் ஒரு பை. வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்புத் திருகைப் பார்த்தான், ஃபிரிட்ஜைத் திறந்து பாலை முகர்ந்தான், மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தான். நான் கேட்டேன்: "என்னடா, ரெய்டா?"

"நாளைக்கு ஒரு டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்மா. சும்மா ஒரு செக்கப்."

"எதுக்கு டாக்டர்?"

பையை இறக்கி வைத்தான். ஜிப்பைத் திறந்தான், மூடினான். "ஞாபகசக்திக்கு."

முழங்காலைச் சொல்வான், இடுப்பைச் சொல்வான் என்று காத்திருந்தேன். தலையில் கைவைப்பான் என்று நினைக்கவேயில்லை. தலை போச்சு என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் என் பேச்சு அம்பலம் ஏறுமா? நான் வேண்டாம் என்றாலும், பாவம், அவளுக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வீட்டைப் பூட்டலாம். இதற்குத்தான் இத்தனை நாள் பரீட்சையா என்று நினைத்துக்கொண்டேன். போகாவிட்டால் அதையும் நோய் என்பான். போனேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். மலையாளத்தில்தான் கேட்டாள், நானும் மலையாளத்தில்தான் சொன்னேன். இங்கே தமிழில் எழுதுகிறேன். கிழமை, மாதம், முதல் மந்திரி யார், எல்லாம் கேட்டாள். மூன்று சொற்களைச் சொல்லிக் கொஞ்சம் கழித்துத் திருப்பிக் கேட்டாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். அவள் போதும் என்று சொன்ன பிறகும் நான் கழித்துக்கொண்டே போனேன். கடிகாரம் வரையச் சொன்னாள். வரைந்தேன். டாக்டர் என் மகனைப் பார்த்து, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்றாள்.

"இதெல்லாம் சரியாத்தான் சொல்றா டாக்டர். ஆனா தினமும் பாக்கற சீரியல்ல ஒரு சீன்கூட ஞாபகம் இல்லை. செத்தவளை உயிரோட இருக்கான்னு சொல்றா. மணிக்கணக்காப் பாக்கறா, ஒண்ணும் உள்ளே போகலை." சொல்லிக்கொண்டு வந்தவன் பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்பா போனபோதுகூட எனக்கு முன்னால் அழாதவன்.

டாக்டர் பேனாவை எடுத்தாள். புதிதாக நடப்பது மனதில் தங்காமல் போவது உண்டு, ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம், அதுவரை தனியாக இருக்க வேண்டாம் என்றாள்.

தனியாக இருக்க வேண்டாம் என்ற சொல் காதில் விழுந்ததும் மானம் மரியாதை எல்லாம் எனக்குப் பறந்துபோயிற்று.

"நிறுத்துங்கோ டாக்டர். எழுத வேண்டாம். நான் அந்தச் சீரியலைப் பார்க்கவே இல்லை."

"நீ பாத்திருக்கேம்மா" என்றான் மகன். "கோடு இருக்கே."

"கோடு இருக்குடா. நான் இல்லை. போட்டுட்டு நான் கோயிலுக்குப் போயிடுவேன்."

"பாக்காம எதுக்குப் போட்டே?"

"நீ பாக்கறியேன்னு! என்னை வேவு பாத்துண்டிருக்கியே, அதுக்கு. அம்மா நன்னா இருக்கான்னு உனக்குத் தெரியட்டும், வீட்டைப் பூட்டச் சொல்லாம இருன்னு. அப்பறம் கேள்வி கேட்டு என்னை மடக்கினியே, அதுக்கெல்லாம் வாயில வந்ததைச் சொன்னேன். போறுமா?"

டாக்டர் பேனாவை மூடாமல் அப்படியே வைத்திருந்தாள். மகன் என்னையே பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன்.

"நான் வேவு பாக்கலேம்மா" என்றான். "நானும் அதைப் பாத்துண்டிருந்தேன்."

"எதை?"

"அந்தச் சீரியலைத்தான். உங்கிட்ட பேசறதுக்கு எங்கிட்ட என்னம்மா இருக்கு? சாப்டியா, மாத்திரை போட்டுண்டியா, கதவைச் சாத்தினியா. அதுக்கப்பறம் வெச்சுடறோம். நீ தினமும் இதைப் பாக்கறயேன்னு, ஆபீஸ்லேர்ந்து வந்து நானும் அதையே போட்டுப் பாத்தேன். அதைப்பத்தியாவது ரெண்டு வார்த்தை பேசலாமேன்னு."

"எல்லா எபிசோடுமா?"

"எல்லாம்."

"நன்னாருக்கா?"

"மகா கண்றாவிம்மா."

முதலில் சிரித்தது டாக்டர்தான். நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. நான் பார்க்காமல் ஓடவிட்ட அத்தனை கண்றாவியையும் என் பிள்ளை வேலை முடிந்து வந்து, களைத்துப்போய், ஒன்று விடாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். நான் அதை வேவு என்று மனசில் எழுதி வைத்திருந்தேன்.

ஆட்டோவில் திரும்பும்போது நானே கேட்டேன்: "இப்போ சொல்லு. வீட்டைப் பூட்டணுமா?"

"வேண்டாம். உனக்கு மறதி ஒண்ணும் இல்லை, பொய்தான் இருக்கு. இவ்வளவு தெளிவாப் பொய் சொல்றவா தனியா இருக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டா." வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான். என் கையைப் பிடித்திருந்தான், வீடு வரும்வரை விடவில்லை.

இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான். ஊர் போய்ச் சேர்ந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் போன் வந்தது.

"என்னம்மா பாத்தே?"

"ஒண்ணும் பாக்கலை. நீ?"

"நானும் ஒண்ணும் பாக்கலை."

சாப்பிட்டாயா என்று அவன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதைவிட்டால் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. போனைக் காதில் வைத்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பக்கமும் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. வைக்கட்டுமா என்று அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.